ஐந்தாறு லட்சம் கையில் இருக்கிறது, எங்கே போடுவது?

ஊர் மனையை விற்றதில் வந்த பங்கு, எடுத்த சீட்டு, ஓய்வு பெறும்போது கிடைத்த பணிக்கொடை என்று ஏதோ ஒரு வழியில் மொத்தமாகக் கொஞ்சம் பணம் வந்து, சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது. பெரிய வங்கிகள் அதற்கு இப்போது தருவது 2.5 சதவீதம். நல்ல இடத்தில் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குள் மாமா ஒன்று சொல்வார், வங்கி மேனேஜர் ஒன்று சொல்வார், எதிர்வீட்டுக்காரர் "மாசம் மூணு வட்டி" என்பார்.

61 வயதான என் சித்திக்கு வந்த 6 லட்சத்தை ஒழுங்காக வைப்பதற்குள் நாங்கள் பட்ட அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. வட்டியை ஒப்பிட அரை மணி நேரம் போதும். நாள் கணக்கில் இழுத்தது பெயர், பிறந்த தேதி, படிவம் ஆகியவைதான். நீங்களும் அந்த அலைச்சல் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இழந்தால் திரும்பச் சம்பாதிக்க முடியாத பணத்தைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். பங்குச் சந்தை பக்கம் போகவில்லை.

1. வட்டியைப் பார்க்கும் முன், பணம் எப்போது வேண்டும் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். எந்த நேரத்திலும் தேவைப்படலாம் என்ற பணம் எவ்வளவு? ஓரிரு வருடத்துக்குள் தெரிந்த செலவு, அதாவது கல்யாணம், கல்லூரிக் கட்டணம், கூரை மாற்றுவது, இவற்றுக்கு எவ்வளவு? ஐந்து வருடம் தொடவே மாட்டோம் என்பது எவ்வளவு?

பலர் இதைச் செய்யாமல் மொத்தத்தையும் அதிக வட்டி தரும் இடத்தில் ஐந்து வருடத்துக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆறாவது மாதம் ஆஸ்பத்திரிச் செலவு வரும். போட்டதை உடைத்தால் அபராதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 லட்சத்துக்கு அரை சதவீதம் கூடுதல் வட்டி என்றால் வருடத்துக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 125. இந்த 125 ரூபாய்க்காக அவசரத்துக்கு எடுக்க முடியாத இடத்தில் பணத்தைப் பூட்டி வைக்கலாமா என்பதுதான் கேள்வி. என் பதில், கூடாது.

நகைக் கடன் இருக்கிறதா? அதை முதலில் அடையுங்கள். ஏழு சதவீதம் வாங்கிக்கொண்டு இன்னொரு பக்கம் அதைவிட அதிகமாகக் கட்டுவதில் அர்த்தமில்லை. ஐந்து பைசா, பத்து பைசா வட்டிக் கடனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2. பெயரைச் சரிபாருங்கள்

இதை இரண்டாவது படியாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு இதற்கு வந்தால், கவுண்டரில் நின்றபடி திரும்ப வேண்டியிருக்கும்.

நம் ஊரில் இனிஷியல் தகராறு பெரிது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, வங்கிப் பாஸ்புக்கில் முன்னால் கணவரின் இனிஷியல். பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். பிறந்த வீட்டுச் சொத்தின் பத்திரத்தில் அப்பாவின் இனிஷியல் இருக்கும், மற்ற எல்லாவற்றிலும் கணவருடையது இருக்கும். கணினியில் ஆதாரும் பானும் ஒத்துப்போகவில்லை என்றால் கணக்கு திறக்காது.

அடுத்தது பிறந்த தேதி. வயதானவர்கள் பலரின் ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் இருக்கும், நாளும் மாதமும் இருக்காது. கீழே வரும் மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு வயதுச் சான்று அவசியம் என்பதால் இதை முன்கூட்டியே திருத்திவிடுங்கள். ஆதார் மையத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி போன்றவற்றைத் திருத்த 2025 அக்டோபர் முதல் 75 ரூபாய். திருத்தம் ஏற நாளாகும், அதனால் இதுதான் முதல் வேலை. கைபேசி எண் ஆதாரில் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பான் கார்டே இல்லாதவர்கள் பதற வேண்டாம். வருமான வரித் துறையின் இணையதளத்தில் ஆதார் ஓடிபியை வைத்து இலவசமாக இ-பான் எடுக்கலாம். ஆதாரில் உள்ள பெயரே அப்படியே வருவதால் இனிஷியல் பிரச்சினையும் இல்லை. ஆனால் ஆதாரில் முழுப் பிறந்த தேதி இருக்க வேண்டும், கைபேசி இணைந்திருக்க வேண்டும். பழைய பான் வைத்திருந்து ஆதாருடன் இணைக்காமல் விட்டிருந்தால் அது செயலிழந்திருக்கும். அதை உயிர்ப்பிக்க 1,000 ரூபாய் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வட்டியில் 20 சதவீதம் வரியாகப் பிடித்துவிடுவார்கள்.

3. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

எப்போது வேண்டுமானாலும் தேவைப்படும் பணம்: வங்கி எஃப்டி, அதாவது நிலையான வைப்பு. சேமிப்புக் கணக்கில் இரண்டு மூன்று மாதச் செலவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை எஃப்டியாகப் போடுங்கள். ஒரே எஃப்டியாகப் போடாதீர்கள். ஒன்றரை லட்சம் என்றால் 50,000 வீதம் மூன்றாகப் போடுங்கள். அவசரம் என்றால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்ற இரண்டும் முழு வட்டியோடு ஓடும். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை, ஆனால் கவுண்டரில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். முன்கூட்டி உடைத்தால், பணம் இருந்த காலத்துக்கான வட்டியிலிருந்து பெரும்பாலான வங்கிகள் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைத்துத் தரும். உடைக்க மனமில்லை என்றால் எஃப்டியின் பேரில் கடன் வாங்கலாம். எஃப்டி வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம் அதிகமாக இருக்கும். ஒரு மாதத் தேவைக்கு இது லாபம்.

வங்கியில் போடும்போது 5 லட்சம் என்ற எண்ணை மனதில் வையுங்கள். வங்கி நொடித்தால் டிஐசிஜிசி என்ற ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் தரும் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் தரும். 2020 பிப்ரவரி வரை இது வெறும் 1 லட்சமாக இருந்தது. அசல், வட்டி இரண்டும் சேர்த்துத்தான் இந்த 5 லட்சம், அதே வங்கியின் எல்லாக் கிளைகளையும் சேர்த்துத்தான். கையில் 6 லட்சம் இருந்தால் இரண்டு வங்கியாகப் பிரித்துவிடுங்கள். சிறு நிதி வங்கிகள் பெரிய வங்கிகளைவிடக் கூடுதல் வட்டி தருகின்றன, இந்தக் காப்பீடு அவற்றுக்கும் உண்டு. 5 லட்சத்துக்குள் வைத்துக்கொண்டால் அங்கே போடத் தயங்க வேண்டியதில்லை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் காப்பீடு உண்டு. ஆனால் கிராமத்தில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வேறு, அதற்கு இது கிடையாது. பெயர்ப்பலகையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஐந்து வருடம் தொடாத பணம்: அஞ்சலகம். 2025-ல் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5 சதவீதத்திலிருந்து 5.25 வரை இறக்கியதால் வங்கி வட்டிகள் குறைந்தன. அஞ்சலக வட்டிகள் 2024 ஜனவரியில் இருந்த இடத்திலேயே 2025 முழுவதும் நின்றன. இங்கே போடும் பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு, 5 லட்ச வரம்பு கிடையாது. கீழே சொல்லும் எண்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தை அறிவிக்கும், அதனால் போகும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போட்ட நாளில் உள்ள விகிதம் முடியும்வரை உங்களுக்கு மாறாது.

60 வயது நிறைந்தவர் வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். வட்டி 8.2 சதவீதம், உச்ச வரம்பு 30 லட்சம். இது அரசு ஊழியர்களுக்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. வேலைக்கே போகாத பாட்டியும் போடலாம். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதத் தொடக்கத்தில் வட்டி சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும். சித்தியின் 6 லட்சத்தில் 4 லட்சத்தை இதில்தான் போட்டோம். மூன்று மாதத்துக்கு 8,200 ரூபாய் வருகிறது. மீதியில் ஒன்றரை லட்சம் மேலே சொன்னபடி மூன்று எஃப்டி, 50,000 சேமிப்புக் கணக்கில்.

60 ஆகவில்லை, ஆனால் மாதாமாதம் கைக்கு ஏதாவது வர வேண்டும் என்றால் மாதாந்திர வருவாய்த் திட்டம். 7.4 சதவீதம். 4 லட்சத்துக்கு மாதம் சுமார் 2,466 ரூபாய். தனிக் கணக்கில் 9 லட்சம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை போடலாம். வட்டியை எடுக்காமல் அங்கேயே விட்டால் அதற்கு மேல் வட்டி ஏறாது, அதனால் சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மாத வருமானம் தேவையில்லை, வளர்ந்தால் போதும் என்பவர்களுக்குத் தேசிய சேமிப்புப் பத்திரம், 7.7 சதவீதம். 1 லட்சம் ஐந்து வருடத்தில் சுமார் 1,44,900 ஆகும். கிசான் விகாஸ் பத்திரம் 115 மாதத்தில் இரட்டிப்பாகும் என்பார்கள். அது 7.5 சதவீதம்தான், இரட்டிப்பு என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம்.

ஒன்றிரண்டு வருடத்தில் வரும் செலவுக்கு: அஞ்சலக கால வைப்பு அல்லது வங்கி எஃப்டி, இரண்டில் எது வசதியோ அது. அஞ்சலகத்தில் ஒரு வருடத்துக்கு 6.9, இரண்டு வருடத்துக்கு 7 சதவீதம். ஒரு லட்சத்துக்கு ஒரு வருடத்தில் 7,081 ரூபாய் வரும்.

தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமான பவர் பைனான்ஸ் நிறுவனத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் போட்டு வைத்திருக்கிறார்கள். அரசு நிறுவனம்தான், ஆனால் வங்கி இல்லை. டிஐசிஜிசி காப்பீடு இங்கே கிடையாது என்பது தெரிந்து போடுவதானால் போடலாம்.

4. உடைத்தால் என்ன ஆகும் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

அஞ்சலகத்தின் வட்டி விகிதம் சுவரில் ஒட்டியிருக்கும், உடைக்கும் விதிகள் ஒட்டியிருக்காது. மூத்த குடிமக்கள் திட்டத்தை ஒரு வருடத்துக்குள் மூடினால் வட்டியே கிடையாது, அதுவரை கொடுத்ததையும் அசலில் கழித்துக்கொள்வார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம், அதன் பிறகு 1 சதவீதம் போகும். 4 லட்சத்தைப் பதினான்காவது மாதம் மூடினால் 6,000 ரூபாய் நஷ்டம்.

மாதாந்திர வருவாய்த் திட்டத்தை முதல் வருடம் மூடவே முடியாது. மூன்று வருடத்துக்குள் அசலில் 2 சதவீதம், அதற்குப் பிறகு 1 சதவீதம் பிடிப்பார்கள். கால வைப்பில் முதல் ஆறு மாதம் கை வைக்க முடியாது. ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்தால் சேமிப்புக் கணக்கின் 4 சதவீதம்தான். ஐந்து வருடக் கால வைப்பு இன்னும் கடுமை: 2023 நவம்பருக்குப் பிறகு திறந்தது என்றால் நான்கு வருடம் முடியும்வரை எடுக்க முடியாது. தேசிய சேமிப்புப் பத்திரத்தை, கணக்குதாரர் இறப்பு, நீதிமன்ற உத்தரவு போன்ற காரணம் இல்லாமல் இடையில் எடுக்க முடியாது.

அவசரப் பணத்தை வங்கியில் வைக்கச் சொன்னது இதனால்தான்.

5. கொண்டு போக வேண்டியவை

ஆதார், பான் இரண்டின் அசலும் நகலும். நகல்களில் கையெழுத்து. பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் நான்கு. காசோலைப் புத்தகம். நாமினியின் முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி, ஆதார் நகல். தொகை 10 லட்சத்தைத் தாண்டினால் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று கேட்பார்கள். அதற்குக் குறைவாக இருந்தாலும் விற்பனைப் பத்திரத்தின் நகலையோ பணிக்கொடை உத்தரவையோ பையில் வைத்திருங்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் கூடவே சாட்சி ஒருவரை அழைத்துப் போங்கள், முடிந்தால் அதே அஞ்சலகத்தில் கணக்கு உள்ள ஒருவரை.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. கணக்கு திறக்கக் கட்டணம் கிடையாது, படிவம் இலவசம். நகலும் புகைப்படமும்தான் செலவு. அஞ்சலக முகவர் வழியாகப் போட்டாலும் அவருக்கு நீங்கள் எதுவும் தர வேண்டாம், அவருடைய கமிஷனை அரசு தருகிறது. அவரிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு "பாஸ்புக் அடுத்த வாரம்" என்று கேட்டு வீட்டுக்கு வராதீர்கள்.

6. அஞ்சலகத்தில் செய்யும் வரிசை

முதலில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு. 500 ரூபாய் போதும். வட்டி வந்து விழுவதற்கும் முடிவில் பணம் எடுப்பதற்கும் இது வேண்டும், அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம் வங்கியிலிருந்து அந்தக் கணக்குக்கு நெஃப்ட் மூலம் பணத்தை அனுப்புங்கள். எல்லா அஞ்சலகங்களுக்கும் ஐஎஃப்எஸ்சி எண் ஒன்றுதான், கவுண்டரில் சொல்வார்கள். முதலில் 100 ரூபாய் அனுப்பி, பாஸ்புக்கில் பதிவான பிறகு மீதியை அனுப்புங்கள். காசோலையாகவும் தரலாம், ஆனால் அது பணமாகும் நாளிலிருந்துதான் வட்டி ஓடும். யார் பெயருக்கு எழுதுவது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள், இல்லையென்றால் ஒரு தாள் வீண். மூத்த குடிமக்கள் திட்டத்தில் 1 லட்சத்துக்கு மேல் ரொக்கமாக வாங்க மாட்டார்கள்.

மூன்றாவதாகத் திட்டத்துக்கான விண்ணப்பமும், பணம் கட்டும் எஸ்பி 103 சீட்டும். விண்ணப்பத்தில் நாமினி பகுதியைப் பென்சில் வைத்துத் தாண்டிப் போகச் சொல்வார்கள், "பிறகு சேர்த்துக்கலாம்மா" என்பார்கள். அன்றே நிரப்புங்கள்.

மாதத்தின் முதல் வாரம் போகாதீர்கள், ஓய்வூதியக் கூட்டம் இருக்கும். காலையிலேயே போனால் நல்லது. சர்வர் மதியத்துக்கு மேல் படுத்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் பாஸ்புக் மேலிடத்திலிருந்து வர வேண்டியிருக்கும், அதனால் முடிந்தால் பக்கத்து ஊரின் துணை அஞ்சலகத்துக்கோ தலைமை அஞ்சலகத்துக்கோ போய்விடுங்கள்.

பாஸ்புக் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பாருங்கள்: பெயர், தொகை, தொடங்கிய தேதி, முடியும் தேதி, வட்டி விகிதம், நாமினி பதிவு.

7. கூட்டுக் கணக்கும் நாமினியும்

வங்கியில் கணவன் மனைவி பெயரில் கூட்டாகப் போட்டால் "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்" என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தில் கணவன் அல்லது மனைவியை மட்டுமே கூட்டாகச் சேர்க்க முடியும். மகனையோ மகளையோ நாமினியாகத்தான் போடலாம். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது பல மனஸ்தாபங்களைத் தவிர்க்கும்.

8. வரி

வட்டி முழுக்க வருமானம்தான். 2025 ஏப்ரல் முதல் வங்கியிலோ அஞ்சலகத்திலோ வருடத்துக்கு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வட்டி தரும்போதே கழிக்கும் வரி, பிடிப்பார்கள். மூத்த குடிமக்களுக்கு அந்த வரம்பு 1 லட்சம். ஐந்தாறு லட்சத்தின் வட்டி பெரும்பாலும் அதைத் தொடாது. தாண்டினாலும், மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்றால் பிடிக்க வேண்டாம் என்று உறுதிமொழி தரலாம். பல வருடங்களாக 15ஜி என்றும் 60 தாண்டியவர்களுக்கு 15எச் என்றும் இருந்த படிவம் அது. எண் மாறியிருந்தாலும் "டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் படிவம்" என்று கேட்டால் தருவார்கள். ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகத் தர வேண்டும்.

மனை விற்ற வருடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இதில் கையெழுத்துப் போடாதீர்கள். விற்ற லாபமும் அந்த வருட வருமானத்தில் சேரும். ஆடிட்டர் ஒருவரைப் பார்த்துவிட்டுத் தாருங்கள்.

9. பொறிகள்

எஃப்டி போடப் போனபோது ஒரு வங்கியில் சித்தியிடம் நீட்டப்பட்டது காப்பீட்டுப் பாலிசி. "எஃப்டி மாதிரிதாம்மா, வருஷா வருஷம் கட்டணும், ஆயுள் காப்பீடு இலவசம்" என்றார்கள். தாளில் "பிரீமியம்" என்ற சொல் இருந்தால் அது எஃப்டி இல்லை, எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் சிறு பிடித்தத்தோடு பணம் திரும்பும்.

வரிச் சேமிப்பு எஃப்டி என்று இன்னொன்று உண்டு. ஐந்து வருடம் உடைக்க முடியாது, அதன் பேரில் கடனும் கிடையாது. வரியே கட்டாதவருக்கு இது எதற்கு?

தானாகப் புதுப்பிக்கும் வசதியை எஃப்டியில் கேட்டுப் போடுங்கள் அல்லது முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். முதிர்ந்த பிறகு யாரும் கவனிக்காமல் கிடந்தால், போட்டபோது உள்ள விகிதம், சேமிப்புக் கணக்கு விகிதம் இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

மாத வட்டி, தங்க நாணயம், வெளிநாட்டுச் சுற்றுலா என்று பேசும் நிறுவனங்கள் பக்கம் போகவே வேண்டாம். மாதம் 25 முதல் 30 சதவீதம் என்று சொன்ன ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கில் சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொல்கிறது. பழைய நிறுவனம் என்றால் பயமில்லை என்பதும் சரியில்லை: 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் நிதி நிறுவனத்தில் போட்டவர்கள் 2024-ல் பணம் கேட்டுக் காவல் துறைக்கு அலைந்தார்கள். யாராவது டெபாசிட் கேட்டால் அந்த நிறுவனம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றதா என்று ரிசர்வ் வங்கியின் சசேத் (Sachet) இணையதளத்தில் பாருங்கள்.

10. போட்டு முடித்த பிறகு

ஒரு நோட்டில் கணக்கு எண், கிளை, தொகை, முடியும் தேதி, நாமினி பெயர் இவற்றை எழுதி, வீட்டில் இன்னொருவருக்கு அது எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். கடவுச்சொல், ஓடிபி எதையும் அதில் எழுத வேண்டாம். பத்து வருடம் யாரும் கேட்காத வங்கி டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ரிசர்வ் வங்கியின் உத்கம் (UDGAM) இணையதளத்தில் தேடி, அந்த வங்கியில் கேட்டு மீட்கலாம், ஆனால் அது தனி அலைச்சல்.

ஏப்ரல் முதல் வாரம் டிடிஎஸ் படிவம். கைபேசி எண் மாறினால் அன்றைக்கே வங்கிக்கும் அஞ்சலகத்துக்கும் கடிதம். மூத்த குடிமக்கள் திட்டம் ஐந்து வருடத்தில் முடியும்போது இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கலாம். முடிந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் படிவம் தர வேண்டும், அதையும் நோட்டில் அதே வரியில் எழுதி வையுங்கள்.